தில்லிக் கல்லும் முதிய மாணாக்கரும்

தில்லிக்கு வந்து குடியேறிய தமிழருள் பெரும்பாலோர் வரலாறு கற்க வந்தவரல்லர். வேலை தேடி வந்தவர். கோடையில் சிம்லாவும் குளிர்காலத்தில் தில்லியுமாக அரசு இயங்கிய நாளில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று வந்தோர் தொடங்கி, தேர்வாணையத் தேர்வெழுதிக் கையில் ஒரு தோல்பெட்டியுடன் புதுதில்லி நிலையத்தில் இறங்கிய நம் தலைமுறையினர் வரை அனைவர்க்கும் இது பொருந்தும். ஆயினும் அரசு நமக்கு ஒதுக்கிய வீடுகள் எத்தகைய நிலத்தில் அமைந்தன என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். இராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திருக்குச் செல்லும் நம் குடும்பத்தார் அறிந்த ஐந்தாம் செக்டரில் லோடி காலத்துக் கல்லறை மாடங்கள் ஐந்தும் ஒரு படிக்கிணறும் உள்ளன. கிழக்குக் கிட்வாய் நகரில் லோடி மன்னர்களிடம் பணியாற்றிய தர்யா கானின் கல்லறை மேடை உள்ளது. ஐ.டி.ஓ. அலுவலகங்களில் பணி முடித்துப் பேருந்துக்குக் காத்து நிற்போர்க்குக் கூப்பிடு தூரத்தில் பிரோசு ஷா கோட்லாவின் மீது அசோகரின் தூண் நிற்கிறது. மாத வாடகைப் படியைக் கணக்கிட்டுக்கொண்டே இவற்றைக் கடந்து செல்வது நம் வழக்கமாயிற்று.

இக்கற்களை முதன்முதலில் நின்று படித்தவர் யாவர் என்று ஆராய்ந்தால் ஒரு வியப்பான செய்தி புலப்படுகிறது. அவர்களுட் பெரும்பாலோர் தொல்லியல் பட்டம் பெற்றவரல்லர். அத்தகைய பட்டமே அன்று இல்லை. நாணயச் சாலையில் பணியாற்றியவர், நீதிமன்றத்தில் கோப்புகள் பார்த்தவர், படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் ஆகியோரே அவர்கள். பகலில் அரசுப் பணி, எஞ்சிய நேரத்தில் கல். அந்த மரபை நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். எங்கள் குடியிருப்புப் பகுதியைச் சேர்ந்த சிலர் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறன்று கூடித் தில்லியின் தொன்மைகளைக் கற்று வருகிறோம். எங்களுட் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர். நாற்பதைக் கடந்த எழுத்தர்களாகிய நாங்கள் இருவரே இவ்வட்டத்தின் இளைஞர்கள்! வட்டத்திற்குப் பெயரில்லை, சந்தாவில்லை, தலைவருமில்லை. தலைவர் இல்லாத தமிழ் அமைப்பு தில்லியில் இதுவொன்றுதானோ என நண்பர்கள் நகையாடுவதுண்டு.

முதலில் அசோகரின் தூணைக் காண்போம். ஏறத்தாழ 13 மீட்டர் உயரமுள்ள இந்த ஒற்றைக் கல்லைப் பிரோசு ஷா துக்ளக் 14-ஆம் நூற்றாண்டில் தோப்ரா என்னும் ஊரிலிருந்து கொண்டுவந்தார். பருத்தியும் நாணலும் சுற்றித் தூணைச் சாய்த்து, 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகள் வழியே சேர்த்ததைச் சம்சு சிராசு அபீபு என்னும் வரலாற்றாசிரியர் விரிவாக எழுதியுள்ளார். இத்தனை பாடுபட்டு நிறுத்திய கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சொல்ல அன்று ஒருவராலும் இயலவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த தாமசு கொரியாட்டு என்னும் ஆங்கிலப் பயணி, இது கிரேக்க எழுத்தென்றும் அலெக்சாந்தரின் வெற்றித் தூணென்றும் எழுதிவைத்தார். 1837-ஆம் ஆண்டு கல்கத்தா நாணயச் சாலையில் பொன் வெள்ளி மாற்று நோக்கும் அதிகாரியாக இருந்த சேம்சு பிரின்செப்பு, சாஞ்சியில் கிடைத்த சிறு கொடைக் கல்வெட்டுகளின் துணையால் இவ்வெழுத்தின் திறவுகோலைக் கண்டார். அசோகரின் ஏழாம் தூண் ஆணை இந்த ஒரு தூணில் மட்டுமே உள்ளது. சோழர், பாண்டியர் பெயரைத் தேடி நம்மவர் இங்கு வருவதுண்டு. அவர்கள் பெயர்கள் உள்ளவை இரண்டாம், பதின்மூன்றாம் பாறை ஆணைகள். அவற்றைக் காணக் கிர்நாருக்கோ கால்சிக்கோ செல்லவேண்டும். தில்லித் தூணில் அவை இல்லை.

தூணைப் படித்தவர் தொலைவில் கல்கத்தாவில் இருந்தவர். தில்லியிலேயே வாழ்ந்து தில்லியைப் படித்தவர்களின் கழகம் ஒன்று அடுத்த பத்தாண்டில் தோன்றிற்று. 1847-ஆம் ஆண்டு தில்லித் தொல்லியல் கழகம் என்னும் அமைப்பு, கும்பினியாரின் பேராளராக இங்கிருந்த தாமசு மெட்காப்பின் ஆதரவில் உருவாயிற்று. அரசின் தொல்லியல் துறை தோன்றுவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு நிகழ்ந்தது இது. ஊதியம் பெறாது, ஊரில் உள்ளோர் கூடி, ஊரின் கட்டடங்களை அளந்தும் கல்வெட்டுகளைப் படித்தும் கட்டுரைகள் எழுதித் தங்கள் இதழில் வெளியிட்டனர். ஐரோப்பியரும் இந்தியரும் அதில் உறுப்பினராயிருந்தனர். 1857-இன் கொந்தளிப்புக்குப் பின் அக்கழகம் நிலைக்கவில்லை.

அக்கழகத்தில் 1852-இல் உறுப்பினரானவர் சையது அகமது கான். பிற்காலத்தில் அலிகார் கல்லூரியை நிறுவியவராக அவரை அனைவரும் அறிவர். எங்களுக்கோ அவர் அரசுப் பணியாளராகவே நெருக்கமானவர். 1838-இல் தில்லிக் குற்றவியல் நீதிமன்றத்தில் சிரஸ்தாராகக் கும்பினி வேலையில் அமர்ந்தார். 1841-இல் முன்சீப் ஆனார். மைன்புரி, பத்தேபூர் சிக்ரி எனப் பணியிட மாற்றங்கள் பெற்று 1846-இல் தில்லிக்கே திரும்பினார். பணியிட மாற்றத்தின் துன்பத்தை அறிந்த நமக்கு இந்த வரிசையே ஒரு வாழ்க்கை வரலாறாகத் தோன்றும். தில்லிக்குத் திரும்பியபின் நீதிமன்ற விடுமுறை நாள்களில் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சுற்றி அவர் எழுதியதே ‘ஆசார்-உசு-சனாதீது’ என்னும் உருது நூல். 1847-இல் நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்களுடன் அது வெளிவந்தது.

குதுப் மினாரின் மேல்நிலைக் கல்வெட்டுகளைக் கீழிருந்து படிக்க முடியவில்லை. எனவே சாரக்கம்புகளுக்கு இடையே ஒரு கூடையைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து மேலே சென்று எழுத்துகளைப் படியெடுத்தார் சையது அகமது. அப்போது கீழே நின்று அச்சத்தால் முகம் வெளிறியவர் அவருடைய நண்பரும் தில்லிக் கல்லூரியின் பாரசீக ஆசிரியருமான இமாம் பக்சு சகுபாயீ. இச்செய்தியை அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹாலி தருகிறார். 72 மீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரத்தில் ஒரு முன்சீப் கூடையில் ஊசலாடிய காட்சியை எண்ணும்போது, மூன்றாம் மாடிக்கு மின்தூக்கி இல்லையென முறையிடும் எங்களுக்குச் சற்றே நாணம் உண்டாகத்தான் செய்கிறது.

அந்நூலைப் பற்றி மேலும் ஒன்று கூறவேண்டும். எங்கள் வட்டத்தின் பிற்காலப் போக்கை அதுவே தீர்மானித்தது. முதற் பதிப்பில் நான்கு பகுதிகள் இருந்தன. நான்காம் பகுதி கட்டடங்களைப் பற்றியதன்று. அன்றைய தில்லியின் மக்களைப் பற்றியது. புலவர், மருத்துவர், துறவியர், எழுத்தோவியர், இசைவாணர் எனப் பலருடைய குறிப்புகள் அதில் இடம்பெற்றன. கவிஞர் காலிபும் அதில் உண்டு. நண்பர் சகுபாயீயும் உண்டு. 1854-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் சையது அகமது நடையை எளிதாக்கினார், ஆண்டுகளைச் சரிபார்த்தார், கல்வெட்டுப் படிகளைச் சேர்த்தார். ஆய்வு முறைக்கு ஏற்றதாக நூல் உயர்ந்தது. ஆனால் மக்களைப் பற்றிய பகுதியை நீக்கிவிட்டார். தொல்லியல் நூலில் உயிரோடிருப்போர்க்கு என்ன இடம் என்று அவர் கருதியிருத்தல் கூடும். மூன்றே ஆண்டுகள் கழிந்தன. 1857-இல் தில்லி மீண்டும் ஆங்கிலேயர் கைப்பட்டபோது சகுபாயீ சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பகுதியில் எழுதப்பட்ட உலகமே சிதறிற்று. செங்கோட்டையைச் சூழ்ந்த கட்டடங்கள் பல இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. அக்பராபாதி மசூதி அவற்றுள் ஒன்று. 2012-ஆம் ஆண்டு மெட்ரோ இரயில் பணி நடந்த இடத்தில் பழஞ்சுவர்கள் வெளிப்பட்டபோது, இதுவே அம்மசூதியோ என்ற வழக்கு எழுந்தது. மசூதியின் தோற்றம் எப்படியிருந்தது என அறிய அனைவரும் தேடிச் சென்றது அந்த முன்சீப்பின் நூலையே.

கட்டடமும் போயிற்று, மனிதரும் போயினர், குறிப்பு மட்டும் நின்றது. அக்குறிப்பிலும் மனிதரைப் பற்றியது முதற் பதிப்பில் மட்டுமே உள்ளது.

பின்வந்தோரைச் சுருக்கமாகவே கூறுகிறோம். 1861-இல் அரசு தொல்லியல் ஆய்வாளராக அமர்த்திய அலெக்சாந்தர் கன்னிங்காம், படைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது அவர்க்கு வயது 47. எழுபதைக் கடந்து 1885-இல்தான் இப்பணியை விட்டார். மௌல்வி சாபர் அசன் தொகுத்த தில்லி நினைவுச் சின்னங்களின் பட்டியல் 1916 முதல் 1922 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. 1,300-க்கு மேற்பட்ட சின்னங்கள் அதில் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் பெயர், இருப்பிடம், உடைமையாளர், காலம், கல்வெட்டு, தற்போதைய நிலை எனப் பத்தி பிரித்து எழுதியிருக்கிறார். படிப்பதற்குச் சுவையற்ற நூல் என்று சிலர் கூறக்கூடும். பதிவேடு பேணிப் பழகிய எங்களுக்கோ அதன் அருமை பார்த்தவுடன் விளங்கிற்று. காதற்கதை படிப்பதுபோல் அப்பட்டியலைப் படிப்பவர் ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். கணக்கு அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தவர்.

தமிழ்நாட்டிலும் இம்மரபு செழித்ததுண்டு. ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளை ஆராய்ந்தவர். 1977-இல் சிந்து எழுத்துகளின் தொடரடைவை வெளியிட்டார். 1980-இல் விருப்ப ஓய்வு பெற்றார். பழந்தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய பெருநூல் 2003-இல் வந்தபோது அவர் எழுபதைக் கடந்தவர். கீழடியை மையத் தொல்லியல் துறை அகழத் தொடங்குவதற்குப் பல்லாண்டுகள் முன்பே, அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் நிலத்தில் கிடைத்த பழம்பொருள்களைத் திரட்டி உரியவர்க்குத் தெரிவித்திருந்தார் என்பதும் நினைக்கத்தக்கது. முதியோர் கல்வி என்பது மேனாட்டாருக்கும் புதிதன்று. பிரான்சு நாட்டுத் துலூசு நகரில் 1973-இல் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் ஓய்வு பெற்றோர்க்கான கல்வி நிலையம் தொடங்கிற்று. இங்கிலாந்தில் 1980-களின் தொடக்கத்தில் அது வேறு வடிவில் பரவி, தொல்லியல் குழுக்கள் பலவற்றைப் பெற்றது. நமக்கு அப்பெயர் தேவையில்லை. பூங்கா நடைக்குச் செல்லும் முதியவர் கையில் ஓர் அளவு நாடாவும் குறிப்பேடும் இருந்தால் போதும்.

எங்கள் வட்டத்தின் நடைமுறையை இனிச் சொல்கிறோம். பிற குடியிருப்புகளில் இதனைத் தொடங்க எண்ணுவோர்க்குப் பயன்படலாம். முதல் விதி, மண்ணைத் தோண்டுவதில்லை. தொல்லியல் என்றவுடன் மண்வெட்டியே பலர்க்கு நினைவுக்கு வருகிறது. உரிமம் இன்றி அகழ்வது சட்டப்படி குற்றம், அறிவின்படியும் குற்றமே. அடுக்கடுக்காய்ப் படிந்த மண்ணைக் கலைத்துவிட்டால் எந்தப் பொருள் எந்தக் காலத்தது எனப் பின்வரும் அறிஞரும் சொல்ல முடியாது. இரண்டாம் விதி, எதையும் வீட்டிற்கு எடுத்து வருவதில்லை. ஓடேயாயினும் கிடந்த இடத்தில் கிடக்கட்டும், இடத்தைக் குறித்துக்கொள்வோம். ஈரத்தாள் ஒட்டி மைப்படி எடுப்பதும் துறையினர் வேலை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் நாம் அதைச் செய்தல் கூடாது. ஆனால் தேய்ந்த எழுத்தைப் படிக்க ஓர் எளிய வழி உண்டு. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது பார்க்க வேண்டும். நேர் வெயிலில் மறைந்து கிடக்கும் கீறல்கள் அப்போது நிழல் பெற்று எழுந்து நிற்கும். குளிர்கால ஞாயிற்றுக் கிழமைகளில் களத்திற்குச் செல்கிறோம். கோடையில் யாரேனும் ஒருவர் வீட்டில் கூடி நூல் படிக்கிறோம். தொல்லியல் துறைக்காக ஒய்.டி. சர்மா எழுதி 1964-இல் வெளிவந்த தில்லிக் கையேடு எங்கள் முதற் பாடநூல். உருதும் பாரசீகமும் எங்களுக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தம் அறுபத்து நான்காம் வயதில் உருது எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். பேத்தியோடு சேர்ந்து சிலேட்டில் எழுதிப் பழகியதாகக் கூறுவார்.

இவ்வாறு படித்தவற்றுள் எங்களை மிகவும் ஈர்த்த கல் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாலம் என்றால் நமக்கு விமான நிலையம். 1276-ஆம் ஆண்டில் அங்கு ஒரு படிக்கிணறு வெட்டப்பட்டது. அதன் சமற்கிருதக் கல்வெட்டு கிணற்றை வெட்டியவரின் பெயரை உத்தரர் எனக் கூறுகிறது. அவர் தில்லிக்காரரல்லர். சிந்துவும் அதன் துணையாறுகளும் கூடும் பகுதியில் உள்ள உச்ச நகரே அவர் குடும்பத்தின் ஊர். பிழைக்க வந்த நகரத்தில் பொருளீட்டி, வழிப்போக்கர்க்கு நீரும் தங்குமிடமும் அமைத்து, அதன் கல்லில் தம் முன்னோர் வரிசையையும் பிறந்த ஊரின் ஆறுகளையும் பொறித்துவைத்தார். ஊர்விட்டு வந்தவன் ஊரை மறவாது எழுதிய ஆவணம் தில்லியில் இதைவிடத் தெளிவாக வேறொன்று இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை. காவிரியையும் பொருநையையும் நாம் சொல்வதுபோல் அவர் சந்திரபாகையையும் விபாசையையும் சொல்லியிருக்கிறார்.

அக்கல்லில் நமக்கு நேரே தொடர்புடைய செய்தியும் உண்டு. தில்லியை அந்நாள் ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் பால்பன். அவருடைய ஆட்சி வளத்தைப் புகழும் புலவர், கௌட நாடு முதல் கசினி வரையும், திராவிட நாடு, சேதுபந்தம் என்று தென்னெல்லை காட்டியும் அவருடைய நாட்டின் செழிப்பைப் பாடிவிட்டார். சேதுபந்தம் என்பது இராமேசுவரம். 1276-இல் இராமேசுவரம் யார் கையில் இருந்தது? மதுரையில் 1268 முதல் மாறவர்மன் குலசேகர பாண்டியர் ஆண்டுகொண்டிருந்தார். பால்பன் பெயரைச் சேதுக்கரையில் எவரும் கேட்டிருப்பரோ என்பதே ஐயம். தில்லிப் படை மாலிக் காபூர் தலைமையில் மதுரையை அடைந்தது 1311-இல். அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முன்பே பாலத்துப் புலவர் பேனா முனையால் சேதுவரை வென்று முடித்தார்! இத்தகைய மெய்க்கீர்த்திகள் நம் நாட்டிலும் குறைவில்லையாதலின் அவரை நொந்துகொள்ள வேண்டியதில்லை. மெகரோலி இரும்புத் தூணிலும் சந்திரன் என்னும் மன்னனின் வீரக் காற்றால் தென்கடல் மணப்பதாகப் புகழ்ச்சி உண்டு. கல்வெட்டில் உள்ளதெல்லாம் வரலாறு என நம்பும் நண்பர்களுக்கு இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவது எங்கள் வழக்கம். கல் பொய் சொல்லாது என்பார்கள். கல்லில் எழுதியவன் சொல்வானே!

பழங்கல் தப்பிப் பிழைப்பது சில நேரங்களில் தனியொருவரின் கண்ணைப் பொறுத்தது. 1966-ஆம் ஆண்டு சீனிவாசபுரிக்கு அருகே குடியிருப்பு கட்டுவதற்காகப் பாறைகளை அகற்றிக்கொண்டிருந்தபோது, ஒப்பந்தக்காரர் ஒருவர் ஒரு பாறையின் சாய்ந்த முகத்தில் எழுத்துப் போன்ற கீறல்களைக் கண்டு வேலையை நிறுத்தினார். அது அசோகரின் சிறு பாறை ஆணை, பத்து வரிகள். துறையைச் சேர்ந்த எம்.சி. சோசியும் பி.எம். பாண்டேயும் 1967-இல் அதனைப் படித்து வெளியிட்டனர். தில்லியில் உள்ள அசோகர் தூண்கள் இரண்டும் வெளியூரிலிருந்து கொணரப்பட்டவை. இது மட்டுமே இம்மண்ணிலேயே வெட்டப்பட்டது. அன்றைய நாளில் அவர் கீறலைப் பார்க்காது வெடிமருந்து வைத்திருந்தால் தில்லியின் மிகப் பழைய எழுத்து சாலைச் சல்லியாய்ப் போயிருக்கும்.

எல்லாக் கற்களுக்கும் அந்த நல்வினை வாய்க்கவில்லை. 2013-இல் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, நாடு முழுவதும் மையப் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் 92-ஐ நேரில் சென்று தேடியும் காண இயலவில்லை என்றது. அவற்றுள் பல பின்னர் கண்டறியப்பட்டன. எஞ்சியவற்றுள் 18 சின்னங்களை 2024-இல் பட்டியலிலிருந்தே நீக்கும் முடிவு வந்தது. தில்லிப் பாராகம்பா கல்லறைத் தோட்டம் அவற்றுள் ஒன்று. கட்டடம் இருந்தது, காவலும் பலகையும் சட்டமும் காகிதத்தில் இருந்தன, கட்டடம் போனது மட்டும் எவர்க்கும் தெரியவில்லை. கோப்பு உயிரோடிருக்கையில் பொருள் இறந்துபோவது எங்ஙனம் என்பது அலுவலகத்தில் வாழ்ந்தோர்க்கு விளக்க வேண்டாத செய்தி. இதற்கு எதிரான நிகழ்ச்சியும் உண்டு. டிபன்சு காலனியில் உள்ள லோடி காலத்து ஷேக் அலி கும்தி, அறுபது ஆண்டுகளாகக் குடியிருப்போர் சங்கத்தின் அலுவலகமாகப் பயன்பட்டு வந்தது. அப்பகுதிவாசி ஒருவர் விடாது தொடுத்த வழக்கின் விளைவாக உச்ச நீதிமன்றம் தலையிட, 2025-இல் அது மீட்கப்பட்டது. மீட்டவர் துறையாளர் அல்லர், அங்கே குடியிருந்தவர்.

எங்கள் வட்டம் தன் குறிப்பேட்டில் இதுகாறும் எழுதி வந்தவை பெரும்பாலும் சுல்தான்களின் காலத்தவை. இப்போது அதில் ஒரு புதிய பகுதி சேர்ந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், சீனிவாசபுரி முதலிய ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட மைய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கிழக்குக் கிட்வாய் நகர் அதற்கு முன்பே இடிபடத் தொடங்கிவிட்டது. இன்று தர்யா கானின் கல்லறை மேடையைச் சுற்றி அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன. கல்லறைக்குச் சட்டத்தின் காவல் உண்டு. அதன் நிழலில் பந்தாடிய பிள்ளைகளின் வீடுகளுக்கு அது இல்லை, இருக்கவேண்டுமென்றும் நாங்கள் சொல்லவில்லை. ஒழுகும் கூரையும் பெயர்ந்த காரையுமாக இருந்த அவ்வீடுகளில் வாழ்ந்தவர்கள் அவற்றை இடிக்க வேண்டாமென்று சொல்லமாட்டார்கள். ஆனால் முன்னாளில் விநய நகர் எனப்பட்ட சரோஜினி நகரில் எந்தச் சந்தில் வீட்டுக் கொலு வைத்தனர், எந்தப் புல்வெளியில் மார்கழிப் பசனை தொடங்கிற்று, ஊரிலிருந்து வேலைக்கு வந்த புதியவர்க்கு எந்த வீட்டில் முதல் மாதம் இடம் கிடைத்தது என்பவற்றை எழுதிவைத்தவர் யார்? 1999-இல் இன்டாக் அமைப்பு வெளியிட்ட தில்லிக் கட்டடப் பட்டியலில் 1,200-க்கு மேற்பட்டவை உண்டு. நம் குவார்ட்டர்சுகள் அதில் இல்லை, இருக்க நியாயமுமில்லை. அவை அரண்மனைகள் அல்லவே!

இவ்விடத்தில்தான் சையது அகமதுவின் நான்காம் பகுதி எங்களுக்கு நினைவுக்கு வந்தது. இரண்டாம் பதிப்பில் அவர் நீக்கியதை நாம் நம் அளவில் எழுதினால் என்ன என்று அந்த ஆசிரியை கேட்டார். வட்டத்தில் கருத்து வேறுபாடு எழாமலில்லை. “ஐம்பது வருஷத்துக் குவார்ட்டர்சு எப்படியம்மா தொல்லியலாகும்?” என்று கணக்கு அலுவலகத்துப் பெரியவர் கேட்டார். “நீங்கள் பார்க்கும்போதே போய்விட்டது ஐயா, அது போதாதா?” என்றார் ஆசிரியை. பெரியவர் அடுத்த கூட்டத்திற்கு சாபர் அசன் முறையில் பத்தி பிரித்துக் கோடிட்ட குறிப்பேடு ஒன்றைத் தாமே தைத்துக் கொண்டுவந்தார். ‘உடைமையாளர்’ என்ற பத்தியை அடித்துவிட்டு ‘குடியிருந்தோர்’ என்று எழுதியிருந்தார்.

இதுவரை அதில் நாற்பத்தோரு வீடுகள் பதிவாகியுள்ளன. நேதாஜி நகர் பற்றிய பக்கத்தில் உள்ள குறிப்பு ஒன்று வருமாறு: இருப்பிடம், அங்காடிக்குப் பின்வரிசை, தரைத்தளம். வகை, இரண்டு அறை, ஒரு முற்றம். குடியிருந்தோர், திருவாரூரிலிருந்து வந்த சுருக்கெழுத்தர் குடும்பம். பின்னர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். கல்வெட்டு, சமையலறைக் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரம் பென்சிலால் ஆண்டுதோறும் குறித்தது, பதினோரு கோடுகள். மேலுள்ள கோட்டினருகே ‘இனி வளரமாட்டாள்’ என்று தமிழில் எழுத்து. காலம், 1974 முதல் 1985 வரை. தற்போதைய நிலை, இல்லை. கதவு நிலையின் நிழற்படம், மகளிடம் உள்ளது.